குண்டில்லாத துப்பாக்கி: காட்பாடி மாடியில் பதினோரு வாரம்

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை. சென்ற ஆண்டு என் அக்கா அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்தாள்: குண்டு இல்லாத துப்பாக்கி. அவள் வீட்டு மொட்டை மாடியில் அவள் மகன் பதினோரு வாரம் ஒரு மரக்கட்டையை இடுப்பிலிருந்து உருவுவதும் செருகுவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னது. அவனுக்கு நேரம் பார்த்தவன், குறிப்பு எழுதியவன், திட்டம் போட்டவன் நான். ஆகையால் கிடைத்த முன்னேற்றம் அவனுடையது. நேர்ந்த பிழையில் பாதிக்கு மேல் என்னுடையது. அந்தப் பிழை எந்த வாரத்தில், எந்த வழியாக நுழைந்தது என்று தேடத்தான் 192 பக்க நோட்டை மீண்டும் புரட்டினேன். இந்த எழுத்து அந்தத் தேடலின் கணக்கு.

ஆளும் ஆட்டமும்

அக்கா மகனுக்கு வயது 38. காட்பாடியில் பிறந்து, இங்கேயே பொறியியல் படித்து, பன்னிரண்டு ஆண்டுகளாக டெக்சாஸில் இருப்பவன். கணினி வேலை. நான்கு ஆண்டுகளாக மாதத்தில் ஒரு ஞாயிறு அங்குள்ள ஒரு சங்கத்தில் பிராக்டிகல் பிஸ்டல் போட்டியில் கலந்துகொள்கிறான். பரிசுப் பணம் கிடையாது. கட்டணத்தையும் குண்டுச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டு, வெயிலில் நின்று, மற்றவர்கள் சுட்ட ஓட்டைகளுக்கும் காகிதம் ஒட்டிவிட்டு வீடு திரும்புகிற ஆட்டம் அது. அமெரிக்காவின் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அதை அவனிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன், இங்கே வேண்டாம்.

துப்பாக்கிச் சுடுதல் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒலிம்பிக். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்றாரே, அந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தகுதிச் சுற்றுக்கு 60 குண்டுகள், 75 நிமிடங்கள். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அசையாமல் நிற்பதே அங்கே கலை.

பிராக்டிகல் ஆட்டம் இதற்கு நேர் எதிர். துப்பாக்கி உறையில் இருக்கும். 'பீப்' ஒலித்ததும் உருவ வேண்டும், சுட வேண்டும், ஓட வேண்டும், ஓடிக்கொண்டே மேகசின் (பிடிக்குள் செருகும் குண்டுப் பெட்டி) மாற்ற வேண்டும், தடுப்புகளின் ஓரமாக எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். ஒரு போட்டியில் இப்படிப் பல களங்கள் இருக்கும். ஒரு களத்துக்கு அதிகம் போனால் 32 குண்டுகள். நல்ல ஆட்டக்காரர் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். இந்த ஆட்டத்துக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1976இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பிறந்தது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். அமெரிக்கச் சங்கம் 1984இல் தனியாக அமைந்தது.

புள்ளிக் கணக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இலக்கு அட்டையின் நடுவே ஏறக்குறைய 15 செ.மீ. அகலமும் 28 செ.மீ. உயரமும் உள்ள பகுதி 'ஏ'. அதில் பட்டால் 5 புள்ளி. அதற்கு வெளியே 'சி', 3 புள்ளி. ஓரம் 'டி', 1 புள்ளி. (இது 9 மி.மீ. போன்ற குறைந்த உதைப்புள்ள துப்பாக்கிகளுக்கான கணக்கு.) படாமல் போனால் 10 புள்ளி கழியும். மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். ஒவ்வொரு களத்திலும் அதிக ஹிட் ஃபேக்டர் எடுத்தவருக்கு அந்தக் களத்தின் முழுப் புள்ளி. மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதம். நிதானமாகச் சுட்டு எல்லாவற்றையும் 'ஏ' ஆக்கினாலும் தோற்கலாம், தலைதெறிக்க ஓடி எல்லாவற்றையும் சிதறவிட்டாலும் தோற்கலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள கயிற்றில் நடக்க வேண்டும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியில் என் அனுபவம் கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் .22 ரைபிளைப் படுத்தபடி சுட்டதோடு சரி. ஆனால் ஓட்டக்காரர்களுக்கும் கபடிக்காரர்களுக்கும் முப்பது ஆண்டு நேரம் பார்த்திருக்கிறேன். உடம்புக்கு ஒரு வேலையைப் பழக்குவது எப்படி என்று தெரியும் என்ற தைரியம் இருந்தது. அந்தத் தைரியமும் இந்த ஆய்வின் ஒரு பகுதிதான்.

கருவி

அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை. உதவிக்காக ஜனவரி இறுதியில் வந்தான். ஏப்ரல் நடுவில் திரும்புவதாகத் திட்டம். புறப்படுவதற்கு முன் அங்கே கலந்துகொண்ட போட்டியில் அவன் பிரிவில் வென்றவர் எடுத்ததில் 46.3 விழுக்காடு எடுத்திருந்தான். பதினோரு வாரம் கையில் எதுவும் இல்லாமல் இருந்தால் இதுவும் போய்விடும் என்பது அவன் கவலை.

இங்கே அவனுடைய துப்பாக்கிக்கு வழியே கிடையாது. 9 மி.மீ. கைத்துப்பாக்கி நம் நாட்டில் சாதாரண உரிமத்தில் கிடைப்பதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறையில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம்தான் என்பதால், காலி மேகசினைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று வருமுன்பே சொல்லிவிட்டேன். .177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. அதை வாங்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். பிடி வேறு, எடை வேறு, உறையும் பொருந்தாது. வேண்டாம் என்று விட்டோம். விட்டது சரியா என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

தச்சர் ஒருவரிடம் போனோம். கைப்பேசியில் படத்தையும், தாளில் அளவுகளையும் காட்டினான். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, கையைக் கொடுங்கள்" என்று அவன் வலது கையைப் பிடித்து, விரல்களை மடக்கச் சொல்லி, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு தென்னை ஈர்க்கால் அளந்தார். பூவரசில் செதுக்கி, பிடியின் பக்கங்களில் அரத்தால் சொரசொரப்பு ஏற்றிக் கொடுத்தார். குறிமுள்ளுக்கு, அதாவது குறி பார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முனைக்கு, ஒரு பித்தளை ஆணித் தலை. மேகசினுக்கு நான்கு கட்டைகள். பிடியின் அடியில் ஒரு குழி, கட்டை உள்ளே போய் 'டொக்' என்று நிற்கும்.

ஆனால் எடை போதவில்லை. குண்டு நிறைத்த அவனுடைய துப்பாக்கி ஏறக்குறைய ஒரு கிலோ. இதுவோ பாதிகூட இல்லை. குழல் பக்கமும் பிடிப் பக்கமும் துளை போட்டு, மீன்வலையில் கோக்கும் ஈயக் குண்டுகளை அடித்து இறுக்கினோம். சமையலறைத் தராசில் 980 கிராம் காட்டியது. உறையும் வாரும் ராணிப்பேட்டையில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் தைத்துக் கொடுத்தான்: மூன்று அடுக்குத் தோல், இடுப்பில் கட்டினால் மடங்காமல் வளையம்போல் நிற்கும். "சார், இதில் என்ன வைக்கப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டான். மரம் என்றதும் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவனுக்கு.

அந்த மரத்துப்பாக்கியில் விசை இல்லை. விசை இருக்க வேண்டிய இடத்தில் அசையாத ஒரு முளை. அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மாடி

இடத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

மாடி முப்பதடி நீளம், பதினெட்டடி அகலம். நீளம் மேற்கிலிருந்து கிழக்காக. மேற்குக் கோடியில் மாடிப்படி ஏறி வரும் அறை. கிழக்குக் கோடியில் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் தரையோடு தரையாகக் குறுக்கே போகிறது. வடக்குக் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டி இலக்கு அட்டைகளைத் தொங்கவிட்டோம். மூன்றில் ஒரு பங்கு அளவில் வெட்டிய அட்டையைப் பத்தடியில் வைத்தால், முப்பதடியில் உள்ள முழு அட்டை கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் இதற்கு நன்றாகப் பயன்பட்டது. நிற்கும் இடங்களை அக்காவின் கோலமாவால் கோடு போட்டுக் குறித்தேன்.

காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஐந்தே முக்கால் வரை தோள், மணிக்கட்டு, இடுப்புக்கான பயிற்சி. பிறகு இருபத்தைந்து நிமிடம் துப்பாக்கி. அதற்கு மேல் ஒரு நிமிடம் விடமாட்டேன். களைத்த கை தப்பாகப் பழகும் என்பது என் கட்சி. மேலும் மார்ச் பிறந்தால் வேலூர் வெயில் ஏழு மணிக்கே மாடித் தரையைச் சுட வைக்கும். வாரத்தில் ஆறு நாள். நடுவே அக்காவின் அறுவை, இரண்டு நாள் காய்ச்சல் எல்லாம் போக, மொத்தம் 58 அமர்வுகள்.

கைப்பேசியில் ஒரு செயலி. பொத்தானை அழுத்தினால் ஒன்று முதல் நான்கு விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் 'பீப்' கொடுக்கும். நாம் குறித்த நேரம் முடிந்ததும் இரண்டாவது 'பீப்'. இரண்டுக்கும் இடையில் வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தால் மறுநாள் பத்தில் ஒரு விநாடி குறைப்போம். போட்டியில் சொல்வதைப்போலவே "மேக் ரெடி", "ஆர் யூ ரெடி", "ஸ்டேண்ட் பை" என்று நானே சொன்னேன். முதல் வாரம் காட்பாடி சந்திப்பிலிருந்து ரயில் ஊதினாலும் அவன் கை இடுப்புக்குப் போனது.

மரமாக இருந்தாலும் விதி உண்மையான துப்பாக்கிக்கு உரியது என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். குழல் வாய் எப்போதும் வடக்குச் சுவர்ப் பக்கம். நிற்பவனின் இரு தோள்களையும் இணைக்கும் கோட்டை இரண்டு பக்கமும் நீட்டினால், அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் குழல் வாய் திரும்பக் கூடாது. போட்டியில் திரும்பினால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சுடாத நேரத்தில் விரல் விசைக்கு வெளியே.

மூன்றாம் நாள், கிழக்குக் கோடியிலிருந்து மேற்கே பாய்ந்தபோது குழாயில் கால் இடறி முட்டியைத் தேய்த்துக்கொண்டான். வீட்டில் ஏற்கெனவே ஒரு முழங்கால் சிகிச்சைக்குக் காத்திருக்கிறது. இனி மேற்கிலிருந்து கிழக்கே மட்டும் ஓடினால் போதும் என்று முடிவு செய்தேன். அந்தப் பக்கம் வந்து நிற்கும்போது வேகம் குறைந்திருக்கும், குழாய் ஆபத்தில்லை. நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே என் கையெழுத்தில் இருக்கிறது: "மே → கி மட்டும். பாதுகாப்பு." கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன்.

காவலரும் ஹவில்தாரும்

இரண்டாம் வாரத்தில் காவலர் இருவர் வந்தார்கள். தெருவில் யாரோ, மாடியில் ஒரு ஆள் தினமும் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஜவ்வாது மலைப் பக்கமும் பேரணாம்பட்டுக் காட்டோரமும் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்துப் படித்துப் பழகிய ஊர் இது. மூத்தவர் மரத்துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். எடை அவரைக் கொஞ்சம் ஏமாற்றியது. நகத்தால் சுரண்டிவிட்டு, "பூவரசா?" என்றார். எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே மஞ்சள் பெயின்ட் அடித்து, இரு பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஹவில்தார் விஷயம் வேறு. கணியம்பாடிக்கு அருகே உள்ள கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். அங்கிருந்து ஓய்வுபெற்று இந்தப் பக்கம் குடிவந்த ஒருவர் என் நடைப்பயிற்சித் துணை. ஆறாம் வாரத்தில் ஒரு நாள் மாடிக்கு அழைத்து வந்தேன். இருபத்தைந்து நிமிடமும் சுவரில் சாய்ந்து பார்த்தார். பட்டாளத்தில் பழகிய கண்ணுக்கு இந்த ஓட்டமும் உருவலும் விளையாட்டாகத் தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"சார், தம்பி போகும்போது ஓடுகிறார். திரும்பி வரும்போது ஏன் சும்மா நடந்து வருகிறார்?"

"இடம் அவ்வளவுதான் ஹவில்தார். அந்தப் பக்கம் குழாய் இருக்கிறது."

"மெதுவாகவாவது வேலை செய்துகொண்டே வரலாமே."

நான் சிரித்துவிட்டு, காபி கொண்டுவரச் சொன்னேன். நோட்டில் அன்று அவர் வந்தது மட்டும் இருக்கிறது. அவர் சொன்னது இல்லை.

நோட்டின் எண்கள்

உருவிக் குறிமுள்ளை அட்டையில் பார்ப்பது வரை: முதல் வாரம் 1.9 விநாடி, பதினோராம் வாரம் 1.3. மேகசின் மாற்றம்: 2.7 விநாடியிலிருந்து 1.9. பத்து முறையில் நடுவில் நிற்கும் நேரம்தான் இவை; ஒரு நாள் வந்த அதிர்ஷ்ட நேரத்தை எழுதவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே பதினைந்தடி ஓடிக்கொண்டே மேகசின் மாற்றி, நின்றதும் இலக்கைக் காண்பது: 4.6இலிருந்து 3.2. எண்களைப் பார்த்தால் யாருக்கும் வாயூறும். எனக்கும் ஊறியது.

நோட்டில் இன்னொரு பத்தி உண்டு. அதற்கு 'வாக்கு' என்று பெயர் வைத்திருந்தேன். முளையை அழுத்தும் கணத்தில் குறிமுள் எங்கே இருந்தது என்று அவனே உரக்கச் சொல்ல வேண்டும்: ஏ, சி, டி. மூன்றாம் வாரத்தில் நூற்றுக்கு 88 'ஏ'. ஐந்தாம் வாரத்தில் 81. ஏழாம் வாரத்தில் 74. எட்டாம் வாரத்திலிருந்து அந்தப் பத்தி காலி. வேகம் கூடிய பிறகு வாயால் சொல்ல நேரம் இல்லை, "மாமா, சொல்லிக்கொண்டே செய்தால் தாளம் போகிறது" என்றான். சரி என்றுவிட்டேன். முப்பது ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவன், இறங்கிக்கொண்டிருந்த ஒரே எண்ணை எழுதுவதை நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஏறுகிற எண்ணைத்தான் யாரும் எழுத விரும்புவார்கள்.

திரும்பிய பின்

டெக்சாஸ் திரும்பிய வாரத்திலேயே மைதானத்துக்குப் போய் 150 குண்டுகள் சுட்டான். முதல் ஆறு குண்டும் குறிக்குக் கீழே இடப்பக்கம் போய்ச் சேர்ந்தன. வலக்கைக்காரர் உதைப்புக்கு முன்கூட்டியே பயந்து கையை அழுத்தினால் இப்படித்தான் போகும். பதினோரு வாரம் உதைக்காத மரத்தோடு இருந்த கை, உதைப்பு வரப்போகிறது என்று அறிந்ததும் குறுகிவிட்டது. வெற்றுக் குண்டுகளை இடையிடையே கலந்து மேகசினில் நிரப்பிச் சுட்டான். எது வெற்று என்று தெரியாததால், வெடிக்காதபோது குழல் தலையாட்டினால் குற்றம் கையும் களவுமாகப் பிடிபடும். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் சரியாயிற்று.

அன்றே பழைய அளவுகோல் ஒன்றையும் சுட்டுப் பார்த்தான். மூன்று அட்டை, பத்து கஜம். முதுகு காட்டி நின்று, திரும்பி, உருவி, அட்டைக்கு இரண்டு, மேகசின் மாற்றி மீண்டும் அட்டைக்கு இரண்டு. பன்னிரண்டு குண்டு, 60 புள்ளி. ஜனவரியில் 52 புள்ளி, 11.42 விநாடி, ஹிட் ஃபேக்டர் 4.55. இப்போது 48 புள்ளி, 8.63 விநாடி, 5.56. புள்ளி குறைந்தும் கணக்கு ஏறியது. வாட்ஸ்ஆப்பில் எண்ணைப் பார்த்ததும் நான் அக்காவிடம் மைசூர்பாகு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போட்டி அடுத்த ஞாயிறு. ஐந்து களங்கள், 94 குண்டுகள், 470 புள்ளி. எல்லாவற்றையும் ஒரு நண்பர் படம் பிடித்திருந்தார். நான் அதைப் பத்துப் பதினைந்து முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

இரண்டாம் களம் அவனுக்காகவே போட்டதுபோல் இருந்தது. இடமிருந்து வலமாக ஓட வேண்டிய களம். எங்கள் மாடியில் மேற்கிலிருந்து கிழக்கு. 24 குண்டில் 106 புள்ளி, 21.65 விநாடி, ஹிட் ஃபேக்டர் 4.90. களத்தில் முதலாமவர் 7.88. அதாவது 62 விழுக்காடு. நான்கு ஆண்டில் அவன் எடுத்த மிக உயர்ந்த விகிதம். ஓடும்போது மேகசின் மாறும் இடம் படத்தில் தெரியவே இல்லை, அவ்வளவு சரளம்.

முதல் களத்தில்தான் விபரீதம். வலது கோடியில் ஆரம்பித்து இடது கோடிக்கு. எட்டுக் குண்டு சுட்டான், ஓடினான், ஓடிக்கொண்டே கை மேகசினுக்குப் போனது. நடுவர் "மசில்!" (குழல் வாய்!) என்று கத்தினார். குழல் வாய் எல்லைக் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தாண்டவில்லை. தாண்டியிருந்தால் ஏறக்குறைய பதினையாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்க மீதி நான்கு களமும் இருந்திருக்காது. அவன் சிலையாக நின்றான். படத்தில் எண்ணிப் பார்த்தேன், மூன்று விநாடிக்குச் சற்று மேல். பிறகு களம் முடியும் வரை கண்ணாடித் தரையில் நடப்பவன்போல் நடந்தான். 120 புள்ளி, 34.20 விநாடி, 3.51. முதலாமவர் 7.02. சரியாகப் பாதி.

மூன்றாம் களம் சிறியது. பத்துக் குண்டு, ஓட்டம் இல்லை. ஐந்து அட்டை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. 5.95 விநாடியில் முடித்தான். சுற்றியிருந்தவர்கள் கைதட்டுவதுகூடக் கேட்கிறது. பிறகு நடுவர் அட்டையருகே போய்ப் படிக்கிறார்: ஆறு ஏ, இரண்டு சி, இரண்டு காணோம். 36இல் 20 கழிந்து 16 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 2.69. இன்னும் 0.6 விநாடி கூடுதலாக எடுத்து அந்த இரண்டையும் 'ஏ'யில் வைத்திருந்தால் 46 புள்ளி, 6.55 விநாடி, 7.02 வந்திருக்கும். படத்தை மெதுவாக ஓட்டினால் கண் முந்திக்கொண்டு போவது தெரிகிறது: விரல் அழுத்துவதற்கு முன் தலை அடுத்த அட்டைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு முறையும் அப்படித்தான்.

நான்கும் ஐந்தும் ஒழுங்காகப் போயின, சொல்ல ஒன்றுமில்லை. மொத்தம் 247.7 புள்ளி. அவன் பிரிவின் முதலாமவர் 455.3. விகிதம் 54.4. ஜனவரியின் 46.3உடன் ஒப்பிட்டால் எட்டு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம். குண்டே இல்லாத பதினோரு வாரத்துக்கு இது மோசமில்லை என்று அவன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

குழாய் டெக்சாஸுக்குப் போன வழி

மறுநாள் காலை மரத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வடக்கே இலக்கு. மேற்கிலிருந்து கிழக்கே நடந்தேன். உடம்பு கிழக்கே பார்க்கிறது. மேகசின் மாற்ற, வலக்கைக்காரன் பிடியின் அடிப்பக்கத்தை இடக்கைக்குக் காட்டத் துப்பாக்கியைச் சாய்ப்பான். அப்போது குழல் உடம்புக்கு இடப்பக்கமாகத் திரும்பும். கிழக்கே பார்ப்பவனுக்கு இடப்பக்கம் வடக்கு. இலக்கு இருக்கும் பக்கம். அவன் எதையும் நினைக்காமலே விதி காப்பாற்றப்பட்டுவிடுகிறது.

பிறகு கிழக்கிலிருந்து மேற்கே நடந்தேன். அதே கை, அதே சாய்ப்பு. இப்போது இடப்பக்கம் தெற்கு. குழல் பின்னால், நோட்டோடு நான் உட்காரும் நாற்காலியைப் பார்த்தது.

இந்த ஆட்டத்தில் வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்க ஓட்டம் பொறி என்பது அவர்களுக்கு ஊரறிந்த விஷயமாம். இடுப்பை இலக்குப் பக்கம் திருப்பி, கைகளை உடம்புக்கு வலப்புறம் கொண்டுபோய், குழலை வலிந்து இலக்குப் பக்கம் நிறுத்திக்கொண்டு மாற்ற வேண்டும். அவனுக்கும் அது தெரியும். ஜனவரி வரை அப்படித்தான் செய்தானாம். 58 அமர்வுகளில், என் கணக்குப்படி இரண்டாயிரம் முறைக்குக் குறையாமல், ஒரே பக்கம் ஓடிய பிறகு உடம்பு தெரிந்ததை மறந்துவிட்டது. பழகாமல் விட்டிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும். பாதியை மட்டும் பழக்கியதால் மறுபாதி அழிந்தது. குழாயில் இடறக் கூடாது என்று நான் பாதுகாப்புக்காகப் போட்ட விதி, அவனைப் போட்டியின் மிகப் பெரிய பாதுகாப்பு விதியின் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

மூன்றாம் களத்துக்குக் குழாயைக் குறை சொல்ல முடியாது. அது மரத்தின் வேலை. அசையாத முளைக்கு எப்போது அழுத்தினாலும் ஒன்றுதான். கண் முன்னே போனாலும் பின்னே போனாலும் அது புகார் சொல்லாது. அதைக் காட்டிக்கொடுக்க இருந்த ஒரே சாட்சி 'வாக்கு' பத்தி. அதை எட்டாம் வாரத்தில் நாங்களே அனுப்பிவிட்டோம். வேண்டாம் என்று விட்ட ஏர் துப்பாக்கியை வாங்கியிருந்தால் அட்டையில் ஓட்டையாவது விழுந்திருக்கும். உருவுவதற்கும் ஓடுவதற்கும் மரம், வாரத்தில் இரண்டு நாள் நின்று சுட ஏர் துப்பாக்கி என்று பிரித்திருக்கலாம். அப்போது இரண்டில் ஒன்று என்றே யோசித்தோம்.

ஹவில்தாரிடம் படத்தைக் காட்டினேன். முதல் களத்தை இரண்டு முறை பார்த்தார். "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. "தம்பி நின்றாரே, அது நல்லது" என்றார். கத்தினால் நிற்கிற பழக்கம் எங்கிருந்தோ ஏறியிருக்கிறது. அதுவாவது மாடியிலிருந்து வந்ததா என்று நோட்டில் தேடினேன். முதல் வாரத்தில் ஆறு இடங்களில் "நில் என்றேன், நின்றான்" என்று இருக்கிறது.

இப்போது அவன் அங்கே கார் நிறுத்தும் கொட்டகையில் வலமிருந்து இடமாக மட்டும் ஒரு மாதம் பழகினான்; அதன் பிறகு இரு பக்கமும் சரிபாதி. உருவும் நேரம் 1.3இலிருந்து 1.4 ஆகியிருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 'ஏ', 'சி' என்று மீண்டும் வாய்விட்டுச் சொல்கிறான். ஜூன் போட்டியில் இடப்பக்க ஓட்டம் இரண்டு களங்களில் இருந்தது. நடுவர் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பரில் வருகிறான். தொட்டிக் குழாயைச் சுவரோரமாகத் திருப்பிவிடச் சொல்லி பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன். நாளை வருகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் துப்பாக்கியை அக்கா அரிசி டின்னின் மேல் வைத்திருக்கிறாள். மாடிக்கு வரும் குரங்குகளை விரட்ட அதைவிட நல்ல எடையில் வீட்டில் வேறு எதுவும் இல்லையாம்.